வைஃபையில் பங்கு போட வேண்டியது வேகத்தை அல்ல, நேரத்தை!

“டேய், அந்த கேமை நிறுத்துடா... எனக்கு மீட்டிங் கட் ஆகுது!”

இரவு எட்டு மணிக்கு மேல் பல வீடுகளில் கேட்கும் குரல் இது. ஹாலில் டி.வி. படம் ஓடாமல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்ரூமில் வீடியோ கால் உறைந்து நிற்கும். வீட்டில் யார் இளையவரோ, யார் கையில் புது போன் இருக்கிறதோ, அவர் தலையில் பழி விழும். “எப்பப் பாரு ரீல்ஸ்! இருக்கிற நெட் எல்லாத்தையும் நீயே இழுத்துக்கிற.”

அடுத்த மாதம் பேக்கேஜ் மாறும். 100 எம்.பி.பி.எஸ். இருந்த இடத்தில் 200 வரும். பில்லும் ஏறும். இரண்டு நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும். மூன்றாம் நாள் இரவு அதே வட்டம், அதே சண்டை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பல நேரங்களில் மற்றவர்களைக் காக்க வைப்பது புது போனே இல்லை. கடைசி அறையில் சார்ஜில் போட்டபடி, பேத்தியின் பிறந்தநாள் வீடியோவை வாட்ஸ்அப்பில் இறக்கிக்கொண்டிருக்கும் தாத்தாவின் பழைய போனாக இருக்கலாம். வாசல் சுவரில் மாட்டிய கேமராவாக இருக்கலாம். ரவுட்டருக்கு மூன்று சுவர் தள்ளி இருக்கும் டி.வி-யாகவும் இருக்கலாம். இவை அதிக டேட்டா எடுப்பதில்லை. அதிக நேரம் எடுக்கின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால் பாதிச் சண்டை தீரும். சில வீடுகளில் பேக்கேஜுக்குக் கூடுதலாகக் கட்டும் பணமும் மிஞ்சும்.

காற்றில் ஒரே பாதை

கேபிள் வழியாக வீட்டுக்குள் வரும் இன்டர்நெட் வேறு. ரவுட்டரில் இருந்து போனுக்குக் காற்றில் போகும் வைஃபை வேறு. நெட் கம்பெனி விற்கும் 100, 200 என்ற எண்கள் ரவுட்டர் வாசல் வரைக்கும்தான். அதற்குப் பிறகு உள்ள பத்து, இருபது அடியில் நடப்பது முழுக்க வீட்டு விவகாரம்.

வைஃபையின் அடிப்படை விதி எளிமையானது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பேசும் முன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். காற்று காலியானதும், ஒவ்வொரு கருவியும் தனக்குள் குலுக்கல் போட்டு எடுத்த ஒரு சின்ன இடைவெளி வரை பொறுத்து, பிறகு பேசத் தொடங்கும். இருவர் ஒன்றாகப் பேசிவிட்டால் இரண்டு பேச்சும் குழம்பும், மறுபடி அனுப்ப வேண்டிவரும். இதெல்லாம் மைக்ரோ விநாடிக் கணக்கில் நடப்பதால், எல்லாரும் ஒரே நேரத்தில் நெட் பார்ப்பது போலத் தெரிகிறது. உண்மையில் வீட்டில் உள்ள பத்துக் கருவிகளும் வரிசையில்தான் நிற்கின்றன.

இந்த வரிசையில் ஒரு நேர்மை உண்டு. பழைய போன், புது போன் என்று பார்க்காமல், பேச வாய்ப்பு எல்லாருக்கும் ஏறக்குறைய சமமாகவே கிடைக்கும். சிக்கலே இந்த நேர்மையில் இருந்துதான் தொடங்குகிறது.

ஆளுக்கு ஒரு குடம்

தெருக்குழாயை நினைத்துப் பாருங்கள். ‘ஆளுக்கு ஒரு குடம், பிறகு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்’ என்பது விதி. ஒருவர் அகன்ற வாய்க் குடம் வைத்திருக்கிறார். குழாயை முழுதாகத் திறந்தால் அரை நிமிடத்தில் நிரம்பிவிடும். அடுத்தவர் கொண்டுவந்தது குறுகிய வாய் உள்ள கேன். தண்ணீர் வெளியே சிந்தாமல் இருக்கக் குழாயை நூல் போலத் திறந்து வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். இருவருக்கும் கிடைப்பது ஒரே அளவு தண்ணீர்தான். ஆனால், அகன்ற குடக்காரர் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் காத்திருந்து அரை நிமிடம் பிடிக்கிறார். அவருடைய குடம் எவ்வளவு அகலமாக இருந்தும் பலன் இல்லை.

வைஃபையில் இது நடக்கிறது என்பதை 2003-ல் பிரான்ஸின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் நால்வர் கணக்குப் போட்டும், கருவிகளை வைத்து அளந்தும் காட்டினார்கள். அப்போது புழக்கத்தில் இருந்த வைஃபையின் உச்ச வேகம் 11 எம்.பி.பி.எஸ். ரவுட்டரில் இருந்து தள்ளிப் போகப் போக அது 5.5, 2, 1 என்று இறங்கும். எல்லா லேப்டாப்பும் 11-ல் இருக்கும் இடத்தில், ஒரே ஒரு லேப்டாப் தூரமாகப் போய் 1-க்கு இறங்கினால் போதும். அருகில் இருப்பவர்களின் வேகமும் 1-க்குக் கீழே விழுந்துவிடும். இந்தக் கோளாறை அவர்கள் ‘அனாமலி’ என்றே அழைத்தார்கள், அதாவது முறைக்கு மாறான ஒன்று.

கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். இன்டர்நெட்டில் டேட்டா சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது. ஒரு பொட்டலம் வழக்கமாக 1,500 பைட், அதாவது 12,000 பிட். 11 எம்.பி.பி.எஸ். கருவி அதை 1.1 மில்லி விநாடியில் அனுப்பிவிடும். 1 எம்.பி.பி.எஸ். கருவிக்கு 12 மில்லி விநாடி வேண்டும். ஆளுக்கொரு பொட்டலம் என்று மாறி மாறி அனுப்பினால் ஒரு சுற்றுக்கு 13.1 மில்லி விநாடி ஆகும். இடைவெளிகளைக் கணக்கில் சேர்க்காமலே, இருவருக்கும் கிடைக்கும் வேகம் தலா 0.92 எம்.பி.பி.எஸ். பதினொன்றில் ஓடக்கூடியவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை!

இன்று வேகங்கள் பல மடங்கு ஏறிவிட்டன. பல பொட்டலங்களை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பும் வசதியும் வந்துவிட்டது. அதனால் பழைய அளவுக்கு மோசம் இல்லை. ஆனால், மெதுவான கருவி தன் கட்டை அனுப்பவும் அதிக நேரம்தான் எடுக்கிறது. இன்னொரு பக்கம், ஒரே வீட்டுக்குள் கருவிகளுக்கு இடையே உள்ள வேக இடைவெளியும் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. அதற்கு முக்கியக் காரணம் ஆன்டெனா.

பொள்ளாச்சியில் பிறந்தவரின் யோசனை

ஒரு ஆன்டெனா இருந்த இடத்தில் இரண்டு வைத்தால் வேகம் ஏன் இரட்டிப்பாக வேண்டும்? காற்று அதேதானே? இந்தக் கேள்விக்கு விடை தந்த முன்னோடி, 1944-ல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இளம் வயதிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்தவர். நீருக்கடியில் ஒலியை வைத்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் ‘அப்சோ’ சோனார் கருவியை இந்தியாவுக்காக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1992-ல் பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1994-ல் அது கிடைத்தது. இன்று ‘மைமோ’ என்று அழைக்கப்படும் தொழில்நுட்பத்தின் அடித்தளங்களில் அது ஒன்று.

ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் யார் எந்தப் பக்கம் இருந்து பேசுகிறார் என்று ஓரளவு பிரித்துக் கேட்க முடிகிறது. காது இரண்டு இருப்பதால், ஒவ்வொரு குரலும் இரண்டு காதிலும் சற்றே வேறு மாதிரி விழுகிறது. மைமோ செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். இரண்டு ஆன்டெனாக்கள் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், இரண்டு வெவ்வேறு செய்திகளை அனுப்பும். அவை சுவரிலும் பீரோவிலும் தரையிலும் மோதித் தெறித்து, வெவ்வேறு வழிகளில் வந்து சேரும். பெறும் பக்கத்திலும் இரண்டு ஆன்டெனா இருந்தால், கணக்குப் போட்டு இரண்டு செய்திகளையும் பிரித்து எடுத்துவிடலாம். அதுவரை வானொலிப் பொறியாளர்களுக்கு எதிரியாக இருந்த எதிரொலிப்பு, அதன் பிறகு கூட்டாளி ஆனது.

பெல் லேப்ஸின் ஜெரார்டு ஃபோஷினி போன்றவர்கள் 1990-களில் இதை மேலும் வளர்த்தார்கள். 2009-ல் வெளியான 802.11என் தரம் மைமோவை வைஃபைக்குள் கொண்டுவந்தது. இப்போது ‘வைஃபை 4’ என்று சொல்வது அதைத்தான். பால்ராஜுக்கு 2010-ல் பத்மபூஷண் விருதும், 2014-ல் மார்கோனி பரிசும் வழங்கப்பட்டன.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் ஆன்டெனா குறைவோ, அந்த எண்ணிக்கைதான் செல்லும். ரவுட்டரில் நான்கு இருந்தாலும் போனில் ஒன்று இருந்தால் ஒரே ஒரு ஓடைதான் ஓடும்.

போன் தயாரிப்பவர்களுக்கு ஆன்டெனா என்பது இடம், பேட்டரி, செலவு. அதனால் விலை குறைந்த பல போன்களில் வைஃபைக்கு ஒரு ஆன்டெனாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விலை கூடிய போன்களிலும் லேப்டாப்களிலும் இரண்டு இருக்கும். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றில் பெரும்பாலும் ஒன்றுதான், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். ஏட்டுக் கணக்கில் வேகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

- வைஃபை 4, சாதாரண அகலச் சேனல்: ஒரு ஆன்டெனா 72 எம்.பி.பி.எஸ்., இரண்டு ஆன்டெனா 144
- வைஃபை 5, 80 மெகாஹெர்ட்ஸ் சேனல்: ஒன்று 433, இரண்டு 867
- வைஃபை 6, அதே அகலம்: ஒன்று 600, இரண்டு 1,201

ஆக, தாத்தாவின் போனுக்கும் பேத்தியின் லேப்டாப்புக்கும் இடையே, இருவரும் ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், பதினாறு மடங்கு வரை வித்தியாசம் இருக்க முடியும். தாத்தா கடைசி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வித்தியாசம் இன்னும் கூடும். சிக்னல் மங்க மங்க, தவறில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் கருவிகள் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. கல்யாண மண்டபத்தில் காது கேட்காதவரிடம் நிறுத்தி நிதானமாகப் பேசுவது போலத்தான்.

நாலு கொம்பு ரவுட்டர் வாங்கினால் தீருமா?

கடையில் ரவுட்டர்கள் சிலந்தி மாதிரி கால் விரித்து நிற்கின்றன. நாலு ஆன்டெனா, ஆறு ஆன்டெனா. வீட்டில் உள்ள போன்கள் எல்லாம் ஒற்றை ஆன்டெனா என்றால், பெரிய ரவுட்டர் அவற்றின் வேகத்தைப் பல மடங்கு ஆக்கிவிடாது. சிக்னலைக் கொஞ்சம் குவித்து அனுப்பி, தூரத்தில் உதவும், அவ்வளவுதான்.

ரவுட்டரின் சும்மா இருக்கும் ஆன்டெனாக்களை வேலை வாங்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே நேரத்தில் நான்கு ஓடைகளை அனுப்ப முடிகிற ரவுட்டர், அவற்றை ஒரே போனுக்கு அனுப்பாமல், மூன்று நான்கு ஒற்றை ஆன்டெனா போன்களுக்குப் பிரித்து அனுப்பலாம். இதற்கு ‘மல்டி யூசர் மைமோ’ என்று பெயர். வைஃபை 5-ன் இரண்டாம் கட்டத்தில் வந்தது. ஆனால், போனும் இந்த வசதியைப் புரிந்துகொள்வதாக இருக்க வேண்டும். போன்கள் ஒரே சோபாவில் ஒட்டி ஒட்டி இருந்தால் அவற்றின் ஓடைகளைப் பிரிப்பது கஷ்டம். வைஃபை 5-ல் இது டவுன்லோடுக்கு மட்டும்தான். வைஃபை 6-ல்தான் அப்லோடுக்கும் வந்தது. ஐந்து வருடப் பழைய போனுக்காக இதை நம்பிப் பணம் போடுவதில் அர்த்தம் இல்லை.

நீர்க்கட்டி போடும் கணக்கு

அப்படியானால் வேறு என்ன வழி? விடை, ஏரிப்பாசனம் உள்ள ஊர்களுக்குப் பழக்கமான ஒன்று. மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிட நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். தண்ணீர் குறைவான காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். பல ஊர்களில் அந்த முறை நேரக் கணக்குதான். ‘உன் வயலுக்கு இத்தனை மணி நேரம், அடுத்த வயலுக்கு இத்தனை மணி நேரம்.’ வாய்க்காலைத் தூர் வாரி வைத்திருப்பவர் வயலில் அந்த நேரத்துக்குள் நிறையப் பாயும். அடைத்துக் கிடக்கும் வாய்க்காலில் குறைவாகப் பாயும். ஆனால், ஒருவருடைய வாய்க்கால் அடைப்பு இன்னொருவருடைய நேரத்தைத் தின்னாது.

வைஃபையிலும் இதையே செய்யலாம். ஆளுக்கு ஒரு பொட்டலம் என்பதை மாற்றி, ஆளுக்கு ஒரே அளவு நேரம் என்று ரவுட்டர் பிரித்துக் கொடுக்கும். இதற்கு ‘ஏர்டைம் ஃபேர்னஸ்’ என்று பெயர். மேலே பார்த்த அதே 11, 1 கருவிகளுக்கு நேரத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்தால், வேகமான கருவிக்கு 5.5 எம்.பி.பி.எஸ். கிடைக்கும், மெதுவானதற்கு 0.5.

“அது எப்படி நியாயம்? 0.92 கிடைத்த இடத்தில் 0.5 என்றால், ஏழைப் போனின் பங்கைப் பிடுங்கி பணக்காரப் போனுக்குக் கொடுப்பதுதானே?” என்று கேட்கத் தோன்றும். சரியான கேள்வி. அதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

முதல் பதில்: மெதுவான கருவியோடு வரிசையில் நிற்பது இன்னொரு மெதுவான கருவி என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அதற்குக் கிடைப்பது 0.5 மட்டுமே. ஆக, பக்கத்தில் இருப்பவர் வேகமானவர் என்பதற்காக அது எதையும் இழக்கவில்லை.

இரண்டாவது பதில் இன்னும் சுவையானது. இரு கருவிகளும் தலா 55 மெகாபிட், அதாவது ஏறக்குறைய 7 மெகாபைட் அளவுள்ள ஒரு ஃபைலை இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி, மாறி மாறிப் பொட்டலம் வாங்கினால், இரண்டும் 60 விநாடியில் முடிக்கும். நேரத்தைச் சமமாகப் பங்கிட்டால் வேகமான கருவி 10 விநாடியில் முடித்துவிட்டு விலகிவிடும். அதற்குள் மெதுவானது 5 மெகாபிட் வாங்கியிருக்கும். இப்போது காற்று முழுக்க அதனுடையது. மீதி 50 மெகாபிட்டை 50 விநாடியில் வாங்கிவிடும். மொத்தம் அதே 60 விநாடி! பேத்தியின் வேலை ஒரு நிமிடத்துக்குப் பதில் பத்து விநாடியில் முடிந்தது. தாத்தாவுக்கு ஒரு விநாடிகூட நஷ்டம் இல்லை.

ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வேறு சிலரும் சேர்ந்து, 2017-ல் இந்த நேரப் பங்கீட்டை லினக்ஸ் மென்பொருளுக்குள் செய்து காட்டினார்கள். பல கருவிகள் சேர்ந்து இயங்கும்போது மொத்த வேகம் ஐந்து மடங்கு வரை கூடியதாகவும், நெரிசல் நேரத்தில் தாமதம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்ததாகவும் அளந்து சொன்னார்கள். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றுக்குள்ளும் ஓடுவது லினக்ஸ்தான்.

இதற்கும் எல்லை உண்டு. ரவுட்டரால் தான் அனுப்புவதைத்தான் முழுதாகக் கட்டுப்படுத்த முடியும். போனும் கேமராவும் மேலே அனுப்புவது அவற்றின் இஷ்டம். வைஃபை 6-ல்தான் ‘இப்போது நீ அனுப்பு, இவ்வளவு நேரம்’ என்று ரவுட்டர் உத்தரவு போடும் முறை வந்தது. பழைய கருவிகளுக்கு அந்த உத்தரவு புரியாது.

வெளியே தள்ளுவதா, இடம் கொடுப்பதா?

‘பழைய போன்தான் பிரச்னை என்றால், அதை நெட்டில் இருந்தே எடுத்துவிடலாமே?’ இந்த யோசனை பல வீடுகளில், ஹாஸ்டல்களில், சின்ன ஆபீஸ்களில் எழுகிறது. ரவுட்டர் செட்டிங்கில் ஒரு தட்டு தட்டினால் போதும். யாருக்கும் தெரியாமலேயே நடந்துவிடும்.

ஆனால், பழைய போன் யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் வீட்டின் மூத்தவரிடம். இல்லையென்றால் அண்ணனின் பழைய போனில் பாடம் படிக்கும் தம்பியிடம். ஹாஸ்டலில், புது போன் வாங்க வசதியில்லாத மாணவரிடம். டாக்டரிடம் வீடியோவில் பேசுவது, பென்ஷன் விவரம் பார்ப்பது, வெளியூர் மகள் முகத்தைப் பார்ப்பது எல்லாம் அவர்களுக்கு அந்த ஒரு போனில்தான். “உங்க போன் பழசும்மா, அதான் எடுக்கலை” என்று சொல்லிவிடுவது சுலபம். நேரத்தைச் சரியாகப் பங்கிட்டால் அவர்களை வெளியே தள்ள வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் மேலே போட்ட கணக்கின் சாரம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஃபைல் இறக்குவது வேறு, படம் பார்ப்பது வேறு. படம் ஓடுவதற்குத் தொடர்ந்து ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். மூன்று சுவர் தாண்டி, ஒற்றை ஆன்டெனாவோடு தடுமாறும் டி.வி-க்கு சம நேரம் கொடுத்தால் அந்தப் பங்கு போதாமல் படம் நின்று நின்று வரலாம். அப்போது தீர்வு, பங்கீட்டை மாற்றுவது அல்ல. வாய்க்காலைத் தூர் வாருவது, அதாவது அந்த டி.வி-யின் இணைப்பைச் சரி செய்வது.

வீட்டில் செய்து பார்க்க

1. முதலில் நோய் எது என்று பாருங்கள். மற்ற கருவிகளின் வைஃபையை அணைத்துவிட்டு, நல்ல போன் ஒன்றை ரவுட்டர் பக்கத்தில் வைத்து ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். அங்கேயே வேகம் வரவில்லை என்றால் பிரச்னை வெளியே இருந்து வரும் லைனிலோ ரவுட்டரிலோ இருக்கலாம். நெட் கம்பெனியைக் கூப்பிடலாம். அங்கே நன்றாக வந்து, இரவில் எல்லாரும் சேர்ந்தால் மட்டும் படுத்துவிடுகிறது என்றால், பெரிய பேக்கேஜ் வாங்கும் முன் வீட்டுக்குள் இருக்கும் காற்றைக் கவனியுங்கள்.

2. மெதுவான கருவி எது என்று கண்டுபிடியுங்கள். பல ரவுட்டர் ஆப்களில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலும், ஒவ்வொன்றும் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்ற எண்ணும் இருக்கும். ஆண்ட்ராய்டு போனிலேயே வைஃபை பெயரைத் தொட்டால் ‘லிங்க் ஸ்பீடு’ என்று காட்டுவது உண்டு. அந்த எண் ஒற்றை இலக்கத்தில் இருந்தால், வரிசையை நிறுத்தி வைப்பது யார் என்று தெரிந்துவிடும். யாரையும் திட்ட வேண்டாம்.

3. நகராதவற்றுக்கு வயர் போடுங்கள். டி.வி., டெஸ்க்டாப், ரெக்கார்டர் இவை எழுந்து நடக்கப்போவதில்லை. ஒரு லேன் கேபிள் போட்டுவிட்டால் அவை காற்று வரிசையில் இருந்தே விலகிவிடும். 4கே படத்துக்கும் 25 எம்.பி.பி.எஸ். அளவு போதும் என்பதால், டி.வி-யில் உள்ள சாதாரண 100 எம்.பி.பி.எஸ். லேன் துளையே தாராளம்.

4. இரண்டு பட்டைகளையும் பிரித்துக் கொடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸும் 5 கிகாஹெர்ட்ஸும் தனித்தனி வாய்க்கால்கள். ஒன்றில் உள்ள நெரிசல் இன்னொன்றைப் பெரிதாகத் தொடாது. பல்பு, பிளக், கேமரா, தூரத்து அறையில் உள்ள பழைய போன் ஆகியவை 2.4-ல் இருக்கட்டும். அது சுவரைத் தாண்டி நன்றாகப் போகும். மீட்டிங் லேப்டாப், புது போன்கள் 5-ல் இருக்கட்டும். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தால் இது சுலபம்.

5. அடுக்குமாடியில் இருந்தால் சேனலைப் பாருங்கள். 2.4-ல் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். பக்கத்து வீட்டுக்காரரும் அதே சேனலில் இருந்தால், அவர் வீட்டு மெதுவான போனுக்காகவும் இங்கே காத்திருக்க வேண்டியிருக்கும்.

6. ரவுட்டரை ஒளித்து வைக்காதீர்கள். அழகு கெடுகிறது என்று ஷோகேஸுக்குள், டி.வி-க்குப் பின்னால், இரும்பு பீரோ மேல் வைத்தால் எல்லாக் கருவிகளின் வேகமும் இறங்கும். வீட்டின் நடுவில், சற்று உயரத்தில், திறந்த இடத்தில் இருக்கட்டும்.

7. செட்டிங்கில் இரண்டு விஷயம். ‘ஏர்டைம் ஃபேர்னஸ்’ இருந்தால் ஆன் செய்து இரண்டு நாள் பாருங்கள். ஏதாவது பல்போ பிளக்கோ இணைப்பை விட்டுவிட்டால் ஆஃப் செய்துவிடலாம். ‘டபிள்யூ.எம்.எம்.’ என்று ஒன்று இருக்கும். குரலுக்கும் வீடியோவுக்கும் முன்னுரிமை தருவது அதுதான். அதை அணைக்காதீர்கள். அணைத்தால் வைஃபை 4 முதல் வந்த வேகங்களே கிடைக்காமல், 54 எம்.பி.பி.எஸ்-க்கு மேல் போகாது.

8. ரிப்பீட்டர் வாங்கும் முன் யோசியுங்கள். சாதாரண ரிப்பீட்டர், தான் கேட்டதையே அதே சேனலில் மறுபடி சொல்கிறது. ஒரே செய்திக்குக் காற்றில் இரட்டை நேரம் போகிறது. தூரத்து அறைக்கு கேபிள் இழுத்து, அங்கே இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட் வைப்பது நல்லது. இரண்டையும் வேறு வேறு சேனலில் வைக்க வேண்டும். மெதுவான போனுக்கு அருகிலேயே ஒரு நல்ல சிக்னல் கிடைத்தால், அதுவும் வேகமான போன் ஆகிவிடும்.

9. கேமராவைக் கவனியுங்கள். இணையத்துக்கு இடைவிடாமல் அனுப்பும் கேமரா, 24 மணி நேரமும் வரிசையில் நிற்கும் ஆள். தெளிவை ஒரு படி குறைத்தாலோ, அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பும்படி வைத்தாலோ மற்றவர்களுக்கு நிறைய நேரம் மிஞ்சும்.

ஆன்லைன் தேர்வு, வேலைக்கான இன்டர்வியூ, டாக்டருடன் வீடியோ பேச்சு என்று தவறவிடக் கூடாத நாள் வந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் உள்ள எல்லாரையும் ஆஃப் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. அந்த லேப்டாப்பில் ஒரு லேன் கேபிளைச் செருகிவிட்டால் போதும். லேப்டாப்பில் லேன் துளை இல்லையென்றால், யு.எஸ்.பி-யில் மாட்டும் சின்ன அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது. தேர்வு ஒரு பக்கம் நடக்கட்டும், கடைசி அறையில் பிறந்தநாள் வீடியோவும் இறங்கட்டும்.